வெற்றுக் கோது எங்கே விழுகிறது

ரெக்ஸ்டேல் பட்டறையில் எனக்குப் பிறகு அந்த ஜன்னலோர மேசையில் உட்காரப்போகிற உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். தலை நரைத்து ஓய்வெடுத்தவன் எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அதனால் துவக்குகளை, இந்தத் துப்பாக்கி திருத்தும் வேலையை, விட்டுப் போகிறேன், அவ்வளவுதான். எந்தத் திருகை எவ்வளவு இறுக்குவது, எந்த எண்ணெயை எங்கே விடுவது என்பதெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வருகிறீர்கள். அவற்றை நான் எழுதப்போவதில்லை. ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா பார்க்டேலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் கோப்பை கழுவி என்னைப் படிப்பித்தார். அம்மா தன் பெயரை எழுத மட்டும் பழகியவர். கல்லூரியில் இயந்திர வேலை படித்துவிட்டுத் துவக்குத் திருத்தும் கடையில் சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா என்னோடு பேசவில்லை. போர்க்காலத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவர்கள் அவரும் அப்பாவும். கோயிலில் யாராவது விசாரித்தால் "அவன் மெசின் திருத்துறான்" என்பார். என்ன மெசின் என்று கேட்டால் பிரசாதம் வாங்கப் போய்விடுவார்.

முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. சோதனை என்றால் அவனுக்குச் சாமி மாதிரி. ஒன்று சோதனையில் பாஸ் என்றால் அதோடு கேள்வி முடிந்தது. அந்தப் பயபக்தியோடுதான் நானும் அந்தப் பட்டறைக்குள் வந்தேன்.

மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்திய வாரங்களில் நம் கடை எப்படி இருக்கும் என்பதை நீங்கள் இனித்தான் பார்ப்பீர்கள். வருடம் முழுக்க அலுமாரியில் தூங்கிய துவக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு வரும். அப்படி வந்தவற்றில் ஒன்று தேவன் அண்ணையுடையது. யூனியன்வில்லில் வீடு, பாரவண்டி ஓட்டுகிறவர், ஒவ்வொரு நவம்பரும் தன்னோடு வேலை செய்பவர்களுடன் வடக்கே காட்டுக்குப் போகிறவர். அந்த வருடம் மகள் நிவேதாவும் கூடப் போவதாக இருந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வேட்டை வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, உரிமம் எடுத்திருந்தாள். அவளுக்கென்று அண்ணை ஒரு பழைய போல்ட் துவக்கு வாங்கி, அதன் மேலே தூரத்துக் குறி பார்க்கப் புதிதாகப் பெரிய ஸ்கோப் ஒன்று பூட்டியிருந்தார்.

"தம்பி, சுட்ட கோது ஒழுங்கா வெளியில போகுதில்லை. சிலநேரம் திரும்பி உள்ளுக்கயே விழுது. என்னெண்டு பாரும்" என்றார்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். சுட்டவுடன் பிடியுள்ள இரும்புத் தண்டை, போல்ட்டை, பின்னால் இழுக்கிறோம். அதன் முகத்திலுள்ள கொக்கி வெற்றுக் கோதை, குண்டு போன பித்தளைக் கூட்டை, பிடித்துக்கொண்டு வரும். கோதின் வாய் பக்கத்துத் திறப்புக்கு வந்ததும், ஸ்பிரிங்கில் நிற்கும் சிறிய ஊசி அதை உதைத்து வெளியே எறியும். எறியாவிட்டால் கோது உள்ளேயே கிடக்கும். அது தெரியாமல் போல்ட்டை முன்னே தள்ளினால் கீழேயிருந்து அடுத்த ரவை, இன்னும் சுடாத தோட்டா, ஏறி வந்து அதோடு முட்டும். அதுதான் பயம்.

நம் முதலாளி அம்மாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டும் அவர்தான் அந்தத் துவக்கைப் பார்த்தார். உதைக்கிற ஸ்பிரிங் பலவீனம் என்று முடிவெடுத்து இன்னும் விறைப்பான ஒன்றைப் போட்டார். பிறகு நம் கடை வழக்கப்படி போலி ரவைகளை நிரப்பினார். பட்டறைக்குள் உயிர் ரவை, அதாவது மருந்தோடு வெடிக்கக்கூடியது, ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆகவே மருந்து இல்லாத, குண்டு மட்டும் பொருத்திய போலிகளை வைத்துத்தான் எல்லாவற்றையும் சோதிப்போம். அவர் இழுக்க இழுக்க, போலிகள் ஒவ்வொன்றாகப் பறந்து தரையில் விழுந்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"துவக்கு நல்லாய் இருக்கிறது" என்றார் ஆங்கிலத்தில். "இழுக்கிற கைதான் சரியில்லை. பலமாக இழுக்கச் சொல்."

தேவன் அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். ஆனாலும் நான் தமிழில் சொல்லும்வரை காத்திருப்பார். சொன்னேன். அவர் மகளின் பக்கம் திரும்பினார்.

"கேட்டனியே? நான் அப்பவே சொன்னனான். நீ போல்ட்டை இழுக்கிறது ரீ ஆத்துற மாதிரி."

"நான் ஹார்டாத்தான் இழுத்தனான், அப்பா."

"ஹார்டா இழுத்தா ஏன் சிக்குது? முதலாளியே சொல்லுறா, உனக்குத்தான் கூடத் தெரியுமோ?"

 நான் பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்தேன். துவக்கு சோதனையில் பாஸ் ஆகிவிட்டதே.

அடுத்த சனிக்கிழமை. மறுநாள் விடிய அவர்கள் காட்டுக்குப் புறப்பட வேண்டும். அன்று காலை தகப்பனும் மகளும் நகருக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்குப் போய் ஸ்கோப்பைச் சரிபார்த்திருக்கிறார்கள். நமக்கு அது தெரியாது. கடை நிரம்பி வழிந்தது. ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு செம்மஞ்சள் தொப்பிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவன் அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், பின்னால் நிவேதா. துவக்குப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தார். வரிசையில் நிற்காமல் நேரே என் மேசைக்கு வந்து, குனிந்து, காதுக்குள் சொன்னார்.

"தம்பி, உள்ளுக்க ஒண்டு நிக்குது."

"என்னண்ணை நிக்குது?"

"உயிர் ரவை. கோது திரும்பி விழுந்திட்டுது. இவள் பாக்காமத் தள்ளிப்போட்டாள். இப்ப முன்னுக்கும் போகுதில்லை, பின்னுக்கும் வருகுதில்லை."

பையின் மெல்லிய முனை, குழலின் வாய் இருக்கிற பக்கம், அவருடைய தாடைக்குக் கீழே இருந்தது.

 "அண்ணை, அசையாதேங்கோ. அப்படியே நில்லுங்கோ" என்றேன். குரலை உயர்த்தவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நெரிசலான கடையில் கத்தினால் எல்லோரும் சத்தம் வந்த பக்கம்தான் திரும்புவார்கள். நமக்கு வேண்டியது அவர்கள் வாசல் பக்கம் திரும்புவது.

அவருடைய கைக்கு மேலே என் கையை வைத்து, பையின் முனையை அவர் முகத்திலிருந்து மெல்ல மெல்ல விலக்கி, தவறி வெடித்தால் குண்டு போய்ப் புதையவென்று மூலையில் மணல் நிரப்பி வைத்திருக்கிற இரும்புப் பீப்பாவை நோக்கிச் சாய்த்தேன். அந்தப் பீப்பாவை நாம் எல்லோரும் குப்பைத்தொட்டி மாதிரி நடத்துவோம். அன்று அதற்குள் கிடந்த கோப்பிக் கோப்பையை எடுத்து வெளியே எறிந்தேன். முதலாளி அம்மா என் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. முன்பக்கம் போய், "கொஞ்ச நேரம் கடையை மூடுகிறோம், எல்லோரும் வெளியே நில்லுங்கள்" என்று சொல்லி, பிள்ளையோடு நின்றவரை முதலில் அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"சுடுதளத்தில ஆள் இருந்திருப்பாங்களே, அவங்களிட்டக் காட்டியிருக்கலாமே அண்ணை?"

"காட்டினா எழுதுவாங்கள். என்ர லைசென்ஸ் போச்செண்டா பிறகு? எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவங்கள், தம்பி. வெக்கமாப் போச்சு. பையுக்க வச்சுக் கொண்டு வந்திட்டன்."

நெடுஞ்சாலை முழுவதும் அது அப்படியே வந்திருக்கிறது. பின் இருக்கையில், முன்னால் இருந்த நிவேதாவின் முதுகுக்குப் பின்னால்.

"அப்பா ரப்பர் சுத்தியலால ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தவர்" என்றாள் நிவேதா. "நான் ஸ்டொப் பண்ணச் சொன்னனான்."

"நீ சும்மா இரு. உன்னாலதான் இவ்வளவும்."

பையைத் திறந்தோம். மேலே பெரிய ஸ்கோப். அதற்கும் துவக்கின் உடம்புக்கும் நடுவே விரல்கூட நுழையாத இடைவெளி. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது. வெற்றுக் கோது குறுக்கே கிடந்தது, வாய் நசுங்கியிருந்தது. அதற்குக் கீழே உயிர் ரவை பாதி ஏறி, மூக்கைக் குழலுக்குள் கொடுத்தபடி நின்றது. கோதின் விளிம்பு அந்த ரவையின் அடிப்பகுதியில், தட்டினால் வெடிக்கிற பொறி இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குத்திக்கொண்டிருந்தது. இன்னொரு அடி விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

என் கைக்குப் பக்கத்திலேயே நம் சுத்தியலும் இருந்தது. கை அதன் பக்கம் போகப் பார்க்கும். உங்களுக்கும் போகும். ஒரே தட்டு, எல்லாம் முடிந்துவிடும் என்று மனம் சொல்லும். அந்த நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டிக்கொண்டு, கோதைப் பார்த்தபடி நின்றேன். இதைக் கீழே இறக்க வேண்டுமென்றால் அழுத்துகிற பாரத்தைக் குறைக்க வேண்டும். அழுத்துவது கீழேயுள்ள ரவைகளின் ஸ்பிரிங். கீழ்த் தட்டைத் திறந்தால் பாரம் போகும். ஆனால் தட்டைத் திறந்ததும் மேலே நிற்பது எப்படி அசையும் என்பதைப் பார்க்கவும் பிடிக்கவும் மேலே இடம் வேண்டும். மேலே ஸ்கோப்.

"முதலில் ஸ்கோப்பைக் கழற்ற வேண்டும்" என்றேன் முதலாளியிடம். அவர் தலையசைத்தார்.

தேவன் அண்ணை பதறிப்போனார். "ஐயோ, ஸ்கோப்பைத் தொடாதையும் தம்பி! இப்பத்தான் செற் பண்ணினனான். திருப்பிப் பூட்டினா அது எங்கயோ சுடும். விடியப் போகவேணும்."

"அண்ணை, இதுக்குள்ள உயிர் ரவை நிக்குது."

"நிக்கட்டும். கீழால எடும்."

"அப்பா!" என்றாள் நிவேதா. முதல் தடவையாக அவளுடைய குரல் எழும்பியது. "ப்ளீஸ். மானா முக்கியம்?"

அவர் ஸ்கோப்பின் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். முதலாளி அம்மா அவர்கள் இருவரையும் சுவருக்குப் பின்னால் அனுப்பினார். அவர் துவக்கைப் பீப்பாவை நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை. ஸ்கோப் கழன்று வந்ததும் உள்ளே பகல் போல வெளிச்சம் விழுந்தது. கீழ்த் தட்டைத் திறந்தேன். மீதி ரவைகள் துணியில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கோது மெல்லத் தளர்ந்தது. மேசை லாச்சியில் மத்தியானச் சாப்பாட்டோடு வந்த சீன மரக்குச்சி கிடந்தது. அதனால் உயிர் ரவையின் தோளை அமத்தினேன். அசையவில்லை. மூச்சை விட்டுவிட்டு மறுபடி அமத்தினேன். வழுக்கிக் கீழே போய்த் துணியில் விழுந்தது.

 சுவருக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பதுதான் நம் தொழிலில் பெரிய ஆபத்து. ரவை வெளியே வந்தது. ஆனால் ஏன் உள்ளே நின்றது?

தேவன் அண்ணை வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கடவுளே. சரி, எடுத்தாச்சுத்தானே. திருப்பிப் பூட்டித் தாரும் தம்பி. பொழுதுபடுகிறதுக்குள்ள இன்னொருக்கா செற் பண்ணலாம். இந்தமுறை நான் பக்கத்தில நிண்டு இவளைப் பலமா இழுக்கப் பண்ணுறன்."

கழற்றிய ஸ்கோப் என் கையிலேயே இருந்தது. குறியைத் திருத்தும் அதன் வலப்பக்கக் குமிழைத் துணியால் துடைக்கப் போனவன் நின்றுவிட்டேன். கறுப்புக் குமிழின் அடியில் மஞ்சள் கீறல்கள். ஒன்றல்ல, பல. பித்தளை தேய்ந்த நிறம். நசுங்கிய கோதைத் தூக்கிப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு கறுப்புத் தடம்.

எனக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. நாம் சோதித்தது எதை? போலி ரவையை. போலிக்கு முன்னால் குண்டு இருக்கிறது, நீளம், பாரம். அதன் மூக்கு வெளியே வருவதற்குள் போல்ட் கடைசிவரை வந்துவிடும். பிறகு தாழப் பக்கவாட்டில் போய் விழும். சுட்ட கோதோ கட்டை, பாரமே இல்லை. முன்கூட்டியே விடுபட்டு மேல்நோக்கி எகிறும். எகிறுகிற வழியில் அந்தப் பெரிய குமிழ். அதில் மோதித் திரும்பி உள்ளே விழும். ஸ்பிரிங் விறைப்பாக விறைப்பாக இன்னும் வேகமாக மோதும். நாம் வருத்தத்துக்கு மருந்து கொடுக்கவில்லை. வருத்தத்துக்கே சாப்பாடு போட்டிருக்கிறோம்.

ஒருவருக்கும் எதுவும் சொல்லாமல் ஸ்கோப்பைத் திருப்பிப் பூட்டினேன். போலி ரவை ஒன்றை வைத்து இழுத்தேன். பறந்தது. பிறகு அன்று காலை நிவேதா சுட்டுப் பைக்குள் போட்டு வந்த நல்ல கோதுகளில் ஒன்றைக் குழலுக்குள் கையால் வைத்து மூடி, என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். டிங் என்று ஒரு சின்னச் சத்தம். கோது குமிழில் பட்டு, உருண்டு, உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

"இன்னொரு தரம்" என்றார் முதலாளி அம்மா. இழுத்தேன். டிங்.

அவர் துவக்கை வாங்கித் தானே இழுத்தார். மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம். இரண்டு தரமும் கோது உள்ளேதான்.  அந்தச் சோதனையில் பாஸ் போட்டவர் அவர். அந்தப் பாஸை நம்பித்தான் ஒரு பிள்ளை அன்று முழுவதும் பேச்சு வாங்கியிருக்கிறாள். இதை யார் சொல்வது?

சொன்னேன். "அண்ணை, பிள்ளையில பிழை இல்லை. துவக்கிலதான்."

"என்ன கதைக்கிறீர்? அண்டைக்கு இவதானே சொன்னவ, கை சரியில்லை எண்டு?"

நான் மொழிபெயர்க்கத் திரும்பினேன். முதலாளி அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. தகப்பனைக் கடந்து போய் நிவேதாவின் முன்னால் நின்று, "நான் சொன்னது பிழை. உன் கையில் ஒரு குறையும் இல்லை. சோதனையை நான் பிழையாகச் செய்தேன்" என்றார். நிவேதாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

ஆனால் மனம் அவ்வளவு இலகுவில் இறங்காது. அவசரமும் பயமும் வெட்கமும் சேர்ந்தால் ஆள் கோபத்தில் போய்த்தான் நிற்பார். "அப்ப இப்பவே சரிசெய்து தாங்கோ" என்றார். ஸ்கோப்பைத் தூக்கிப் பூட்ட உயரமான வளையங்கள் வேண்டும். கடையில் அந்த அளவு இல்லை. வர நாளாகும் என்றேன்.

"அதுவரைக்கும் கவனமாப் பாத்து இழுத்தாச் சரிதானே. நான் பக்கத்தில நிப்பன்."

"ஏலாது அண்ணை. தரமாட்டன்."

"என்ர துவக்கை நீர் எனக்குத் தரமாட்டீரோ?"

"நீங்கள் பக்கத்தில நிப்பீங்கள் எண்டதாலதான் தரமாட்டன். அடுத்தமுறை அது ஆற்ற முகத்துக்கு நேர நிக்கும்?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி துவக்கை எடுத்துப் போய் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "சீசன் முழுக்க இந்தப் பக்கம் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு அண்ணை போனார். நிவேதா கதவடியில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தாள். நன்றியா, கவலையா என்று தெரியவில்லை. அவளுடைய முதல் வேட்டையை அன்று நான்தான் நிறுத்தினேன்.

தம்பிமாரே, சுடுகிற கையைக் குற்றம் சொல்வது நம் தொழிலில் மிகவும் இலகுவான தீர்ப்பு. அதற்கு ஒரு கருவியும் வேண்டியதில்லை. வாடிக்கையாளர் வெட்கத்தில் ஏற்றுக்கொண்டுவிடுவார். குறிப்பாகப் பெண்பிள்ளை என்றால், பக்கத்தில் நிற்பவர்களே நமக்காக மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை எழுதும் முன், அந்தக் கை காட்டில் எதை இழுக்கிறதோ அதையே நீங்களும் இழுத்துப் பாருங்கள். போலியை அல்ல, அவர்கள் சுட்ட கோதை. அவர்கள் பூட்டிய ஸ்கோப்போடு. இன்று நம் பட்டறையில் அதுதான் வழக்கம். அந்த வழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டால் முதலாளி அம்மா சொல்லமாட்டார், அதனால்தான் எழுதுகிறேன்.

சீசன் முடிந்த பிறகு தேவன் அண்ணை வந்தார். தன்னுடைய பழைய துவக்கோடு, மகள் இல்லாமல் போய் வந்திருந்தார்.

"மான் கிடைச்சுதோ அண்ணை?"

"கிடைச்சது. இவள் ஒரு துண்டு வாயில வைக்கேல்லை. தாயும் வைக்கேல்லை. நான்தான் தனிய இருந்து திண்டு முடிக்கிறன்."

உயரமான வளையங்களைப் பூட்டி, விறைத்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய அளவையே போட்டிருந்தோம். மேசையில் கோதை வைத்து எத்தனையோ தரம் இழுத்துப் பார்த்தாயிற்று. ஆனாலும் கையில் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் கூட வருகிறேன் என்றேன்.

சுடுதளத்தில் பனி கொட்டி முழங்கால்வரை கிடந்தது. நிவேதாவும் வந்திருந்தாள். ஆட்கள் அதிகம் இல்லை. அண்ணை துவக்கை எடுத்து, தானே முதலில் சுடப்போவது போலத் தோளில் வைத்தார். பிறகு ஏதோ யோசித்து இறக்கினார். மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி, ஒரு ரவை ஏற்றி, சுட்டாள். குறி பட்டதா என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மூன்று பேருடைய கண்ணும் போல்ட்டின் பிடியில்தான் இருந்தது. அவளுடைய கையும் அதன்மேலேயே நின்றது.

"அப்பா, பலமா இழுக்கட்டோ, மெதுவா இழுக்கட்டோ?"

தேவன் அண்ணை காதுறையைத் தூக்கிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"உன்ர விருப்பம், பிள்ளை."

அவள் மெதுவாக இழுத்தாள். வெற்றுக் கோது பக்கவாட்டில் எகிறிப் பனிக்குள் போய் விழுந்தது.